க்ரோன்ஸோடு பிரசவம்: தங்கைக்கு ஒரு கடிதம்

அன்புத் தங்கைக்கு,

"எனக்கு க்ரோன்ஸ் இருக்கே அக்கா, நார்மலா ஆபரேஷனா, நீயே சொல்லு" என்று கேட்டிருந்தாய். ஒரு வரிக் கேள்விதான், ஆனால் போனில் பேசி முடிகிற விஷயமாக எனக்குத் தோன்றவில்லை. இதே கேள்வியோடு தூக்கம் வராமல் கிடக்கிற வேறு பெண்களும் இருப்பார்கள் என்பதால், உன் சம்மதத்தோடு எல்லோரும் படிக்கும்படியாகவே எழுதுகிறேன். தெரியாதவர்களுக்காக: க்ரோன்ஸ் என்பது குடலில் புண்ணும் வீக்கமும் வந்து வந்து போகிற நீண்டகால நோய். எனக்கும் அது உண்டு.

குடல் நோய் உள்ளவர்கள் முக்கக் கூடாது, முக்கினால் குடல் தாங்காது, ஆகவே சிசேரியன்தான் என்று யாரோ உன்னிடம் சொல்லியிருக்கிறார்கள். அதை முதலில் தள்ளி வை. க்ரோன்ஸ் என்ற பெயர் மட்டுமே சிசேரியனுக்குக் காரணம் ஆகாது. ஐரோப்பாவில் குடல் அழற்சி நோய்களுக்கான எக்கோ அமைப்பு தரும் வழிகாட்டுதலும் சரி, அமெரிக்க இரைப்பைக் குடலியல் சங்கம் 2019ல் வெளியிட்ட கர்ப்பகால வழிகாட்டுதலும் சரி, ஏறக்குறைய ஒன்றைத்தான் சொல்கின்றன. ஆசனவாயைச் சுற்றி நோய் இப்போது தீவிரமாக இருந்தால் சிசேரியன். அப்படி இல்லையென்றால், மற்றக் கர்ப்பிணிகளுக்கு எதையெல்லாம் பார்த்து முடிவு செய்வார்களோ அதையேதான் உனக்கும் பார்ப்பார்கள்: குழந்தையின் தலை கீழே இருக்கிறதா, நஞ்சுக்கொடி எங்கே ஒட்டியிருக்கிறது, ரத்த அழுத்தம் எப்படி, முன்பு சிசேரியன் நடந்திருக்கிறதா என்பதையெல்லாம்.

அதனால் டாக்டரிடம் கேட்கிற கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக்கொள். "க்ரோன்ஸுக்கு எது நல்லது?" என்று கேட்டால் பொத்தாம் பொதுவான பதில்தான் வரும். "என் ஆசனவாயும் மலக்குடலும் இன்றைக்கு எப்படி இருக்கின்றன?" என்று கேள். முடிவு அங்கேதான் இருக்கிறது.

ஏன் அந்த இடத்துக்கு மட்டும் இவ்வளவு முக்கியத்துவம்? குழந்தை வெளியே வரும்போது பிறப்புறுப்புக்கும் ஆசனவாய்க்கும் நடுவே உள்ள தசை முழுக்க விரிகிறது. முதல் பிரசவத்தில் ஓரளவு கிழிவது சகஜம், பெரும்பாலும் தையல் போட்டால் ஆறிவிடும். சில சமயம் கிழிசல் ஆசனவாயின் சுருக்குத்தசை வரைக்கும் போய்விடும். மலத்தை அடக்கி வைப்பது அந்தத் தசைதான். நோய் தீவிரமாக உள்ள இடத்தில் இப்படி ஒரு காயம் பட்டால் அது லேசில் ஆறாது, சீழ் வைக்கலாம், புதிதாகப் பௌத்திரம், அதாவது குடலிலிருந்து தோலுக்கோ பக்கத்து உறுப்புக்கோ திறக்கும் தடம், உண்டாகலாம். இன்னொன்றும் இருக்கிறது. நமக்கு எப்போது வேண்டுமானாலும் வயிற்றுப்போக்கு வரும். குடலில் ஒரு பகுதியை வெட்டி எடுத்தவர்களுக்கு மலம் இளகியே போகும். கெட்டியான மலத்தை அடக்க ஓரளவு பலம் போதும். இளகிய மலத்தை அடக்க அந்தத் தசை முழுதாக இருக்க வேண்டும். மற்றப் பெண்களைவிட நமக்கு அது ஒரு பங்கு கூடுதலாகத் தேவைப்படுகிறது.

என் பிரசவத்தைப் பற்றிக் கேட்டிருந்தாய். எனக்கு நார்மல்தான். ஆனால் எனக்கு நோய் சிறுகுடலின் கடைசிப் பகுதியோடு நின்றுவிட்டது. ஆசனவாய்ப் பக்கம் வந்ததே இல்லை. அதனால் என் கதையை வைத்து நீ தைரியம் கொள்வதையும் நான் விரும்பவில்லை, வேறொருத்தியின் கதையைக் கேட்டுப் பயப்படுவதையும் விரும்பவில்லை. ஒரே பெயருள்ள நோய் ஒவ்வொருத்தி உடம்பிலும் வேறு வேறு இடத்தில் குடியிருக்கிறது. "எனக்கு ஒன்றும் ஆகவில்லை" என்று யார் சொன்னாலும், அவர்களுக்கு எந்த இடத்தில் நோய் என்று கேட்டுவிட்டு அப்புறம் காதில் போட்டுக்கொள்.

உன் விஷயம் நடுவில் நிற்கிறது. உனக்குப் பௌத்திரம் வந்தது, சீழ் வடிய அந்தத் தடத்தில் நூல் போட்டு வைத்திருந்தார்கள், பிறகு எடுத்தார்கள், இப்போது கசிவும் வலியும் இல்லை. இந்த நிலைக்கு ஒரே பதில் கிடையாது. முன்பு நோய் இருந்து முழுதாக ஆறிய பெண்கள் நார்மலாகப் பெற்றிருக்கிறார்கள். அவர்களுக்கு அதனாலேயே நோய் திரும்பியது என்று சொல்லும்படி உறுதியான ஆதாரம் இல்லை. ஆனால் "ஆறிவிட்டது" என்பது நீ வீட்டில் உட்கார்ந்து சொல்வதாக இருக்கக் கூடாது. வெளியே தோல் மூடியிருந்தாலும் உள்ளே தடம் இருக்கலாம். ஒரு டாக்டர் கையால் தொட்டுப் பார்த்துச் சொல்ல வேண்டும். சந்தேகம் இருந்தால் இடுப்புப் பகுதிக்கு எம்ஆர்ஐ எடுக்கலாம்; படம் தெளிவாகத் தெரிய ஏற்றும் காடோலினியம் மருந்தைக் கர்ப்பத்தில் ஏற்றாமல் எடுப்பார்கள். மலக்குடலில் புண் இருக்கிறதா என்று தெரிய வேண்டுமானால் சிக்மாய்டோஸ்கோபி இருக்கிறது. குழாயைக் கொஞ்ச தூரம் மட்டும் விட்டுப் பார்ப்பது, மயக்கம் கொடுக்காமலே செய்துவிடலாம், தேவைப்பட்டால் கர்ப்பத்தின் எந்த மாதத்திலும் செய்யலாம். குடல் அழற்சியைக் காட்டும் கால்ப்ரொடெக்டின் என்ற புரதத்தை மலத்தில் பார்ப்பதும் உதவும். அழற்சியைக் காட்டும் ரத்தப் பரிசோதனையான ஈஎஸ்ஆர் கூடியிருக்கிறது, ஹீமோகுளோபின் குறைந்திருக்கிறது என்று நீ பதறியிருந்தாய். கர்ப்பமே அந்த இரண்டையும் மாற்றிவிடும், அவற்றை மட்டும் வைத்து நோய் கிளம்பிவிட்டது என்று சொல்ல முடியாது.

பௌத்திரம் பிறப்புறுப்பு வரை தொடர்போடு இருந்ததா என்று உன் பழைய அறுவை சிகிச்சைக் குறிப்பில் பார்த்துச் சொல். இதை அழுத்தி எழுதுகிறேன். அப்படி இருந்திருந்தால், இப்போது மூடியிருந்தாலும் சிசேரியன் பக்கமே சாய்வார்கள். நானும் அதையே சொல்வேன்.

சிசேரியன் என்று வந்தால் அது சுலபமான வழி என்றும் நினைத்துவிடாதே. முன்பே வயிற்றில் அறுவை சிகிச்சை நடந்தவர்களுக்குக் குடல் ஒன்றோடொன்றோ கர்ப்பப்பையோடோ ஒட்டிக்கொண்டிருக்கலாம். கத்தி வைக்கிறவருக்கு இது முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். தேவைப்பட்டால் குடல் அறுவை நிபுணர் ஒருவர் கூப்பிடு தூரத்தில் இருக்க வேண்டும். அப்புறம் ரத்தக் கட்டு. க்ரோன்ஸ், கர்ப்பம், அறுவை சிகிச்சை, மூன்றுமே தனித்தனியாகக் காலில் ரத்தம் உறையும் அபாயத்தைக் கூட்டுகிறவை, மூன்றும் ஒன்றாகச் சேரும்போது பெரும்பாலும் ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் வகை ஊசி போடச் சொல்வார்கள். பால் கொடுக்கும்போதும் அந்த ஊசியைப் போட்டுக்கொள்ளலாம். யாரும் அதைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லையென்றால் நீ கேள். காயம் ஆற நாளாகும் என்பதும், அடுத்தடுத்த கர்ப்பங்களில் நஞ்சுக்கொடி பழைய தழும்பில் ஆழமாக ஒட்டிக்கொள்ளும் வாய்ப்பு ஒவ்வொரு சிசேரியனுக்கும் கூடும் என்பதும் உனக்குத் தெரியும். நீ இன்னொரு குழந்தையும் வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருப்பவள், அதையும் கணக்கில் எடுத்துக்கொள். சிசேரியன் செய்துகொண்டால் இனி ஆசனவாயில் நோயே வராது என்ற உத்தரவாதமும் இல்லை. பிரசவக் காயத்திலிருந்து அந்த இடத்தைக் காப்பாற்றுகிறது, அவ்வளவுதான்.

வேறு அவசரம் இல்லையென்றால் சிசேரியனுக்குப் பொதுவாக 39 வாரம் நிறைந்த பிறகே நாள் குறிப்பார்கள். க்ரோன்ஸ் தீவிரமாக இருந்தால் குறைமாதப் பிரசவத்துக்கு வாய்ப்பு கூடுதல். ஆகவே குறித்த நாளுக்கு முன்பே வலி எடுத்தால் என்ன செய்வது என்றும் இப்போதே பேசி வை. நடு இரவில் உன்னைப் பார்க்கப்போவது உன் வழக்கமான டாக்டராக இல்லாமல் இருக்கலாம்.

நார்மல் என்று முடிவானால் பிரசவ அறையில் நடக்கிற சின்னச் சின்ன விஷயங்கள்தான் பெரிய வித்தியாசம் செய்யும். பழக்கத்துக்காகப் பிறப்புவாயைக் கத்தரித்துத் தையல் போடுவது உனக்கு வேண்டாம். அவசியமானால் மட்டுமே, அதுவும் ஆசனவாயை நோக்கி நேராக இல்லாமல் பக்கவாட்டில் சாய்த்து. இதை உன் கோப்பில் எழுதி வைக்கச் சொல். குழந்தையை எடுக்க உதவி தேவைப்பட்டால், இடுக்கி போன்ற ஃபோர்செப்ஸ் கருவி சுருக்குத்தசையைக் காயப்படுத்தும் வாய்ப்பு, தலையை உறிஞ்சிப் பிடித்து இழுக்கும் வாக்யூமைவிட அதிகம் என்பதையும் தெரிந்து வைத்துக்கொள். உனக்கு எந்தக் கட்டத்தில் கருவியை விட்டுவிட்டு சிசேரியனுக்கு மாறுவார்கள் என்று முன்பே கேள். முக்குகிற கட்டத்தில் வெந்நீரில் நனைத்த துணியை அந்த இடத்தில் வைத்துக்கொள்வது பெரிய கிழிசலைக் குறைக்கிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. செலவில்லாத, எளிய காரியம், கேட்டால் மறுக்க மாட்டார்கள். வலி தெரியாமலிருக்க முதுகில் போடும் எபிடியூரல் ஊசியைப் போட்டுக்கொள்ள க்ரோன்ஸ் தடையில்லை. குழந்தை பிறந்ததும் கிழிசலை நல்ல வெளிச்சத்தில், அனுபவமுள்ளவர் பார்த்துத் தைக்க வேண்டும் என்பதையும் சொல்லி வை.

மருந்து விஷயத்தில் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்கிறேன்: பயத்தில் எதையும் நீயாக நிறுத்தாதே. குழந்தைக்கு மருந்தைவிட உன் உடம்பில் கிளம்பும் நோய்தான் பெரும்பாலும் அதிகக் கெடுதல் செய்யும். மெத்தோட்ரெக்ஸேட் மாதிரி கர்ப்பத்தில் கூடவே கூடாத மருந்துகள் உண்டு, அதை உனக்கு முன்பே மாற்றிவிட்டார்கள். க்ரோன்ஸுக்காக நீ போட்டுக்கொள்ளும், நோயெதிர்ப்பை மட்டுப்படுத்தும் அடாலிமுமாப் ஊசியைக் கர்ப்பத்தில் தொடரலாம். பிரசவத்துக்குப் பிறகு, தொற்று எதுவும் இல்லையென்றால், நார்மலுக்கு 24 மணி நேரமும் சிசேரியனுக்கு 48 மணி நேரமும் கழித்து மறுபடி தொடங்கலாம் என்பது வழக்கமான கணக்கு. ஆனால் அந்த ஊசி மருந்து நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்கும் போகிறது, பிறந்த பிறகும் சில மாதங்கள் அதன் ரத்தத்தில் இருக்கும். அதனால் பிசிஜி போன்ற உயிருள்ள கிருமியால் ஆன தடுப்பூசியைக் குறைந்தது ஆறு மாதம் தள்ளிப் போடுவார்கள். ஒரு வருடம் வரை தள்ளச் சொல்லும் வழிகாட்டுதல்களும் உண்டு. பிசிஜியைப் பிறந்த உடனேயே போடும் மருத்துவமனையாக இருந்தால், பிரசவத்துக்கு முன்பே குழந்தை டாக்டரிடம் இந்த ஊசியைப் பற்றிச் சொல்லிவிடு. வீட்டில் உன்னோடு வருகிறவரும் இதை மனப்பாடமாக வைத்திருக்கட்டும், ஏனென்றால் அந்த நேரத்தில் உனக்கு எதுவும் நினைவில் இருக்காது. உயிரில்லாத மற்றத் தடுப்பூசிகளை அந்தந்த நாளில் போடலாம்.

பல வாரங்களாக ஸ்டீராய்டு மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தால் பிரசவ நேரத்தில் ஹைட்ரோகார்ட்டிசோன் ஊசியாகக் கொடுக்க வேண்டி வரலாம். உனக்கு இப்போது அது இல்லை, ஆனால் இடையில் ஃப்ளேர் வந்து, அதாவது நோய் மறுபடி கிளம்பி, ஸ்டீராய்டு ஆரம்பித்தால் மயக்க மருந்து டாக்டருக்கும் தெரிய வேண்டும்.

எல்லாவற்றையும்விட எனக்குக் கவலையாக இருப்பது, உன் குடல் டாக்டரும் மகப்பேறு டாக்டரும் இதுவரை ஒருவரோடு ஒருவர் பேசவில்லை என்று நீ எழுதியிருந்ததுதான். "அவரைக் கேளுங்க" என்று இவரும் "இவரைக் கேளுங்க" என்று அவரும் சொல்லிக்கொண்டிருந்தால் கடைசியில் வலி எடுக்கும் நாளில் யாரோ ஒருவர் அவசரமாக முடிவு செய்வார். குடல் டாக்டரிடம் ஒரு பக்கக் கடிதம் வாங்கு. நோய் எங்கே, இப்போது எந்த நிலை, ஆசனவாயைப் பரிசோதித்தபோது என்ன தெரிந்தது, என்ன அறுவை சிகிச்சைகள், என்ன மருந்து, அவர் கருத்து என்ன, அவசரத்தில் யாரைக் கூப்பிடுவது. அதன் நகல் மகப்பேறு டாக்டர் கோப்பில் ஒன்று, உன் கைப்பையில் ஒன்று. ஆசனவாய்ப் பரிசோதனையை எட்டாம் மாதத்தில் ஒருமுறை செய்துகொள், கடைசி வாரங்களில் கசிவோ வலியோ காய்ச்சலோ வந்தால் மறுபடியும். முடிவு அப்போது மாறினால் மாறட்டும்.

பரிசோதனையில் ஆறிவிட்டது என்றும், தடம் பிறப்புறுப்புப் பக்கம் போனதில்லை என்றும் தெரிந்து, டாக்டர்கள் இரண்டு வழியும் சரி என்று சொன்னால், அதற்குப் பிறகு முடிவு உன்னுடையது. சுருக்குத்தசைக்கு ஆபத்து கொஞ்சம்கூட வேண்டாம் என்று நீ சிசேரியன் கேட்டால் அது கோழைத்தனம் இல்லை. முயன்று பார்க்கிறேன் என்று நார்மலைத் தேர்ந்தெடுத்தால் அது பிடிவாதமும் இல்லை. யாராவது இரண்டில் ஒன்றை வைத்து உன் தாய்மையை எடை போட்டால், அவர்களிடம் என் நம்பரைக் கொடு, நான் பேசிக்கொள்கிறேன்.

பழைய அறுவை சிகிச்சைக் குறிப்பைத் தேடி எடுத்துப் படம் பிடித்து அனுப்பு. அடுத்த முறை குடல் டாக்டரைப் பார்க்கப் போகும்போது என்னையும் போனில் சேர்த்துக்கொள், கேள்விகளை நான் எழுதி வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
அக்கா