உயர் அழுத்தத்தைப் பற்றியும் எழுதுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம். வானிலைச் செய்தி என்றாலே காற்றழுத்தத் தாழ்வு மட்டும்தான் வருகிறது, சுற்றுப்புறத்தைவிடக் காற்றின் அழுத்தம் கூடுதலாக இருக்கும் உயர் அழுத்தப் பகுதி பற்றி ஒரு வரிகூட இல்லாதது வருத்தமாக இருக்கிறது. தென்மேற்குப் பருவமழையையே எடுத்துக்கொள்ளுங்கள். மொரிஷியஸுக்குத் தெற்கே, ஏறக்குறைய 30 டிகிரி தென் அட்சரேகையை ஒட்டி இருக்கும் மாஸ்கரீன் உயர் அழுத்தம், தென் அரைக்கோளத்தின் குளிர்காலமான ஜூன் முதல் ஆகஸ்ட் வரை வலுப்பெறும்போது, அதிலிருந்து கிளம்பும் தென்கிழக்குக் காற்று நிலநடுக்கோட்டைத் தாண்டி, பூமியின் சுழற்சியால் வலப்பக்கம் திரும்பி, தென்மேற்குக் காற்றாகக் கேரளக் கரைக்கு வந்து சேர்கிறது. அப்புறம் டிசம்பர், ஜனவரியில் இந்தியப் பெருங்கடலின் தென்பகுதியில் உள்ள உயர் அழுத்தப் பட்டையே இன்னும் தெற்கே நகர்ந்துவிடும். இவ்வளவு பெரிய விஷயம் இது! மே மாதக் கடைசியிலாவது தாழ்வுப் பகுதி வரைபடத்தோடு மாஸ்கரீனின் நிலையையும் சேர்த்துப் போடுங்கள், விவசாயிகளும் பள்ளிப் பிள்ளைகளும் கட்டாயம் படிப்பார்கள்.

அன்புடன்,
உங்கள் வாசகர்