எண்ணூர், பழவேற்காடு படகுச் சுற்றுலா: சுற்றுலாத் துறைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம். முட்டுக்காட்டிலும் முதலியார்குப்பத்திலும் படகுக் குழாம் நடக்கிறது. வடசென்னைக்கும் ஒன்று வேண்டும். எண்ணூர்க் குப்பங்களையும் பழவேற்காட்டில் பனையோலைப் பெட்டி முடைபவர்களையும் மக்கள் நேரில் பார்க்க வேண்டும். ஆனால் முட்டுக்காட்டில் ஓடும் படகை அப்படியே கொண்டுவந்து இங்கே இறக்கினால் தரைதட்டி நிற்கும்.

எண்ணூரில் கடலில் சேரும் கொசஸ்தலையாற்றில் அனல்மின் நிலையச் சாம்பல் படிந்து பல இடங்களில் ஆழமே இல்லை. தண்ணீர் வற்றும் நேரத்தில் இன்ஜின் விசிறி சேற்றில் மாட்டும். பக்கிங்காம் கால்வாயும் தூர்ந்து கிடப்பதால், எண்ணூரில் ஏறி பழவேற்காட்டில் இறங்கும் ஒரே பயணமாக வைக்காதீர்கள். எண்ணூரில் ஒரு சுற்று, பழவேற்காட்டில் ஒரு சுற்று, இடையில் மீஞ்சூர், பொன்னேரி வழியாக வேன். தட்டையான அடி கொண்ட சின்னப் படகு, ஒன்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் வேண்டாம். பூநாரையைப் பார்க்க எல்லோரும் ஒரே பக்கம் எழுந்து நின்றால் எந்தப் படகும் சாயும். 2011 கிறிஸ்துமஸ் அன்று பழவேற்காட்டில் படகு கவிழ்ந்து 20 பேருக்கு மேல் இறந்ததை இந்த ஊர் மறக்கவில்லை. குழந்தைகளுக்கு அவரவர் அளவுக்கு மிதவைச் சட்டை கொடுங்கள். பெரியவர் சட்டையைப் போட்டால் தண்ணீரில் விழுந்ததும் தலைவழியே கழன்றுவிடும்.

ஜனவரி முதல் மார்ச் வரைதான் சரியான காலம். மழைக்காலத்தில் பூண்டி ஏரியைத் திறந்துவிட்டால் உபரிநீர் முழுவதும் இந்த ஆற்றில்தான் வரும். அந்த நாட்களில் படகே எடுக்கக் கூடாது. கோடையில் முகத்துவாரத்தை மணல் மூடும், மதியத்துக்கு மேல் கடற்காற்றும் ஏறும்.

அடுத்தது வலை. பழவேற்காட்டு ஏரியில் எந்த இடத்தில், எந்த நாளில், யார் வலை கட்டுவது என்பதைப் பாடு முறையில் ஊரே குலுக்கல் போட்டு முடிவு செய்கிறது. உங்கள் படகு ஒரு வலையை அறுத்தால், அந்தக் குடும்பம் தன் முறை மறுபடி வரும்வரை காத்திருக்க வேண்டும். அதனால் வழித்தடத்தை வரைபடத்தைப் பார்த்துப் போடாமல் ஊர்ப் பஞ்சாயத்தோடு உட்கார்ந்து போடுங்கள். இடுப்பளவு தண்ணீரில் இறால் தடவும் இருளர் பெண்கள் இருக்கும் இடத்துக்கு வெகுமுன்பே இன்ஜினை நிறுத்திவிட்டுக் கழி ஊன்றிப் போக வேண்டும். அவர்கள் சேற்றில் கையால் துழாவி, பிடித்த இறாலை வாயில் கவ்விய ஓலைப் பறியில், அதாவது சிறு கூடையில், போடுகிறார்கள். படகின் அலை பட்டால் சேறு கலங்கி அன்றைய உழைப்பு வீணாகும். கேட்காமல் படம் எடுக்கவும் விடாதீர்கள்.

ஓலை வேலையை ஒரு மணி நேரக் காட்சியாக வைக்காதீர்கள். ஒரு மூடிப்பெட்டி அதற்குள் முடியாது. பனங்குருத்தை விரித்து வெயிலில் காய வைத்து, ஈர்க்கை நீக்கி, ஒரே அகலத்தில் கிழிக்க வேண்டும். சாயம் வேண்டுமென்றால் கொதிக்கும் நீரில். முடையும் முன் ஈரத்துணியில் சுற்றிப் பதப்படுத்துவார்கள். பதம் குறைந்தால் மடிப்பில் ஓலை ஒடியும். ஈரம் மிஞ்சினால், காய்ந்ததும் ஓலை சுருங்கிப் பின்னலில் இடைவெளி விழும். இந்தப் பதம் கைக்குத்தான் தெரியும். பயணிகள் பார்க்க வேண்டியதும் அதைத்தான். குருத்து கிழிப்பது, அடி போடுவது, மூடி பொருத்துவது என்று மூன்று வீட்டில் மூன்று கட்டத்தைக் காட்டினால் யார் வேலையும் நிற்காது. உட்கார்ந்து சொல்லிக் கொடுக்கும் நேரத்துக்குத் தனிக் கூலி, டிக்கெட் பணத்திலிருந்து அன்றே கைக்குப் போக வேண்டும். பெட்டிக்கு விலை முடைந்தவர் சொல்வதுதான். வழிகாட்டிக்குக் கமிஷன் கூடாது.

வாங்கிய பெட்டியைப் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொடுத்தால் இந்த ஊர்க் காற்றின் ஈரத்துக்குப் பூஞ்சை பிடிக்கும். செய்தித்தாளில் சுற்றிக் கொடுக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
எண்ணூர், பழவேற்காடு படகோட்டிகளும் ஓலைத் தொழிலாளர்களும்