நாயின் கண்ணுக்கு எட்டும் நிறங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற ஞாயிறு தங்கள் பத்திரிகையின் சிறுவர் பகுதியில் ஒரே காட்சி இரண்டு படங்களாக வெளியாகியிருந்தது. இடப்பக்கத்தில் சிவப்பு இ.போ.ச. பஸ், பச்சை மரம், நீல வானம். வலப்பக்கத்தில் அதே பஸ்ஸும் மரமும் வானமும் வெறும் சாம்பல் நிறத்தில். முதலாவதன் கீழே ‘நாம் பார்ப்பது’ என்றும் மற்றதன் கீழே ‘நாய் பார்ப்பது’ என்றும் அச்சிட்டிருந்தீர்கள். அதை வாசித்த என் ஏழு வயதுப் பேரன் எங்கள் வீட்டு நாயை நினைத்து உண்மையாகவே கவலைப்பட்டுவிட்டான். அவனைத் தேற்றுவதற்கு நான் சொன்னவற்றையே இங்கு எழுதுகிறேன். முப்பது வருடங்களுக்கு மேல் விஞ்ஞானம் படிப்பித்த நானும் ஒரு காலத்தில் வகுப்பில் இதே பிழையைச் சொல்லியிருக்கிறேன் என்பதால், திருத்தும் கடமை எனக்கும் உண்டு.

நாய்க்கு நிறம் தெரியும்; ஆனால் நமக்குத் தெரியும் அத்தனை நிறங்களும் தெரியா. விழித்திரையில் உள்ள கூம்புக் கலங்களே நிறத்தைப் பிரித்தறிய உதவுகின்றன. மனிதரின் கண்ணில் இவை மூன்று வகை. ஏறத்தாழ 420, 530, 560 நனோமீற்றர் அலைநீளமுள்ள ஒளிக்கு அவை மிக நன்றாகத் தூண்டப்படுகின்றன. நாயின் கண்ணில் இருப்பவை இரண்டே வகை: ஒன்று 429 நனோமீற்றரை அண்டிய ஊதா நீலத்துக்கும், மற்றது 555 நனோமீற்றரை அண்டிய மஞ்சட்பச்சைக்கும் உரியது. தனியொரு கூம்புக் கலத்தால் நிறத்தைச் சொல்ல முடியாது என்பதை இங்கு கவனிக்க வேண்டும். தன்மேல் விழும் ஒளி தன்னை எவ்வளவு தூண்டியது என்பதை மட்டுமே அது அறிவிக்கும். இரு வகைக் கலங்கள் தரும் செய்திகளை ஒப்பிட்டுப் பார்க்கும்போதுதான் நிறம் என்ற உணர்வு பிறக்கிறது. சிவப்பையும் பச்சையையும் நாம் வேறாகக் காண்பது, 530, 560 என்ற அந்த அடுத்தடுத்த இரண்டையும் ஒப்பிட முடிவதால்தான். அந்தப் பகுதியில் நாய்க்கு இருப்பது ஒரே வகை. ஒப்பிட இணை இல்லை. ஆகவே பச்சை, மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு எல்லாம் அதற்கு ஒரே குடும்பத்து மஞ்சளும் மண்ணிறமுமாகவே தோன்றும். அவற்றுள்ளும் சிவப்புக்கு அந்தக் கலம் குறைவாகவே தூண்டப்படுவதால் அது இருண்டு தெரியும். நீலம் நீலமாகவே இருக்கும். நீலத்துக்கும் பச்சைக்கும் இடையில், ஏறத்தாழ 480 நனோமீற்றரில், நாய்க்கு நிறமே தோன்றாத ஓரிடமும் உண்டு. உங்கள் ஓவியர் தீட்டிய சாம்பல் அந்த ஓரிடத்துக்கு மட்டுமே பொருந்தும்.

இது ஊகம் அன்று. 1989இல் கலிபோர்னியாவின் சாண்டா பார்பரா பல்கலைக்கழகத்தில் நைட்ஸ், கைஸ்ட், ஜேக்கப்ஸ் என்ற மூவர், மூன்று நாய்களைப் பழக்கி இதைச் சோதித்தனர். ஒளியூட்டிய மூன்று சிறு பலகைகளில் இரண்டு ஒரே நிறத்தில் இருக்கும், ஒன்று மட்டும் வேறாக இருக்கும். வேறானதை மூக்கால் தொட்ட நாய்க்குத் தீனி கிடைக்கும். ‘நாய்கள் வெளிச்சத்தின் அளவைப் பார்த்துத்தானே தெரிவு செய்தன’ என்று கேட்பவர்களுக்கு 2013இல் ரஷ்ய ஆய்வாளர்கள் விடை தந்தனர். இறைச்சி வைத்த பெட்டிகளின் மேல் கடும் மஞ்சள், வெளிர் நீலம் போன்ற கடதாசிகளை ஒட்டி எட்டு நாய்களைப் பழக்கியபின், கடுமையையும் வெளிறலையும் மாற்றி வைத்துப் பார்த்தார்கள். பெரும்பாலான நாய்கள் வெளிச்சத்தை விட்டு நிறத்தையே பின்தொடர்ந்தன.

மனிதரிலும் இத்தகைய பார்வை உள்ளோர் இருக்கிறார்கள். சாதாரண தரத்து மாணவர் எல்லோரும் அணுக்கொள்கையுடன் சேர்த்துப் படிக்கும் ஜோன் டால்டனே அப்படிப்பட்டவர். 1794இல் அவர் தம் கண்ணின் இயல்பைத் தாமே ஓர் உரையில் விவரித்தார். அவர் விருப்பப்படி பாதுகாக்கப்பட்ட கண்ணிலிருந்து 1995இல் எடுத்த மரபணுவைச் சோதித்தபோது, நடு வகைக் கூம்புக் கலம் அவருக்கு இல்லாதிருந்தமை உறுதியாயிற்று. இதை நாம் ‘நிறக்குருடு’ என்கிறோம். நீலத்தையும் மஞ்சளையும் நன்றாகவே கண்ட மனிதருக்கு அது பொருந்தாத சொல் என்பது என் அபிப்பிராயம்.

எங்கள் ஒழுங்கையின் கோடியில் சிறிய புல்வெளி ஒன்று இருக்கிறது. பேரன் அங்கு சிவப்புப் பந்தை எறிவான். பந்து உருளும் வரை நாய் அதன் பின்னாலேயே பாயும்; நின்றவுடன் ஓரடி தூரத்தில் அதைத் தாண்டிச் சென்று, பிறகு மூக்கை நிலத்தில் பதித்துச் சுற்றிச் சுற்றித் தேடும். ‘இதற்குக் கண் தெரியாதா அம்மம்மா?’ என்று அவன் சிரிப்பான். புல்லும் பந்தும் அதற்கு ஏறக்குறைய ஒரே நிறத்தின் கடுமையும் வெளிறலுமே என்று விளக்கிவிட்டு, நீலப் பந்து ஒன்று வாங்கிக் கொடுத்தேன். இப்போது நாய் நேராக ஓடிப்போய்க் கவ்வி வருகிறது. நாய்களுக்கான தடைதாண்டும் போட்டிகளில் உபகரணங்களுக்குப் பெரும்பாலும் நீலமும் மஞ்சளும் பூசுவது இதனால்தான். கடைகளில் தொங்கும் சிவப்பு, செம்மஞ்சள் விளையாட்டுப் பொருள்கள் வாங்குபவரின் கண்ணுக்காகச் செய்யப்பட்டவை.

இதே ஒழுங்கையில் தெரு நாய்கள் அசுத்தம் செய்யாதிருக்கவென்று சிலர் படலையோரம் சிவப்புத் தண்ணீர்ப் போத்தல்களை வைத்திருக்கிறார்கள். நமக்கு இரத்தச் சிவப்பாக இருக்கும் அந்தத் தண்ணீர் நாயின் கண்ணுக்குச் சாயம் கூடிய பிளேன்ரீ போலத்தான் இருக்கும். கடந்த கிழமை ஒரு நண்பகலில் அப்படியொரு போத்தலில் தலையைச் சாய்த்தபடி ஒரு நாய் உறங்கிக்கொண்டிருந்தது.

நாயின் கண்ணைக் குறைபட்ட கண் என்று பேரன் எண்ணிவிடாதிருக்க இன்னொன்றும் சொன்னேன். மங்கிய ஒளியில் வேலைசெய்யும் கோல் கலங்கள் அதன் விழித்திரையில் ஏராளம். அதற்குப் பின்னால் ஒளியைத் திருப்பி அனுப்பும் படலமும் இருக்கிறது. இரவில் ஓட்டோவின் வெளிச்சம் பட்டவுடன் நாயின் கண்கள் மின்னுவது அதனால்தான். மின்சாரம் நின்ற வீட்டில் நாம் மேசையில் இடித்துக்கொள்ளும்போது அது இடிபடாமல் நடந்து போகும்.

வரும் ஞாயிறு அந்தப் படத்தை மீண்டும் வெளியிட்டு உதவுமாறு கேட்டுக்கொள்கிறேன். வானம் நீலமாகவே இருக்கட்டும்; மரத்துக்கு மங்கிய மஞ்சளும் பஸ்ஸுக்குக் கடும் மண்ணிறமும் போதும். பேரன் தன் பிரதியில் நிறப் பென்சிலால் ஏற்கெனவே அப்படித் தீட்டி முடித்துவிட்டான்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியை,
வெள்ளவத்தை, கொழும்பு 06.