கதவுக்கு வெளியே அம்மாவை நிறுத்தாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை பேப்பரைப் பிரித்தபோது நடுவிலிருந்து ஒரு மஞ்சள் நோட்டீஸ் விழுந்தது. ‘ஆட்டிசம், பேச்சு வராமை, அடங்காத பிள்ளைகள் – மூன்றே மாதத்தில் முழு குணம், 100 சதவீத கேரண்டி’ என்று பெரிய எழுத்து, கீழே ஒரு போன் நம்பர். சிகிச்சை கொடுப்பவர் யார், என்ன படித்தவர் என்று ஒரு வரிகூட இல்லை. அது உங்கள் அச்சகத்தில் அடித்தது இல்லை, பேப்பர் பிரித்துக் கட்டும் இடத்தில் யாரோ செருகியது என்று தெரியும். ஆனால் நாலு வயதாகியும் ‘அம்மா’ என்று கூப்பிடாத பிள்ளை இருக்கும் வீட்டில் அந்த நோட்டீஸைப் பத்திரமாக மடித்து வைப்பார்கள் என்பதும் எனக்குத் தெரியும், அதனால்தான் எழுதுகிறேன்.

நான் பிஹேவியர் தெரபிஸ்ட், அதாவது இப்படிப்பட்ட பிள்ளைகளின் நடத்தையைக் கவனித்து, பயிற்சியால் நல்ல பழக்கங்களைக் கற்றுக் கொடுப்பது என் வேலை. உளவியலில் எம்.எஸ்சி., அப்புறம் சிறப்புக் கல்வியில் பி.எட். ஆறு வருடம் ஒரு தனியார் மையத்தில் சம்பளத்துக்கு வேலை பார்த்தேன். இரண்டு வருடத்துக்கு முன்னால் தக்கலையில் ஒரு வீட்டின் முன்னறையை வாடகைக்கு எடுத்துச் சொந்தமாகத் தொடங்கினேன். இப்போது என்னைப் போலவே தனியாகத் தொடங்க நினைக்கும் பெண்கள் மாதத்துக்கு இரண்டு பேராவது போன் பண்ணி, அட்வான்ஸ் எவ்வளவு, பீஸ் எவ்வளவு, போர்டில் என்ன எழுதலாம் என்று கேட்கிறார்கள். நான் அவர்களிடம் முதலில் கேட்பது, அம்மாவுக்கு அறைக்குள்ளே ஒரு நாற்காலி போடுவாயா என்பதைத்தான்.

காரணம் இருக்கிறது. நான் முன்பு வேலை பார்த்த இடத்தில் பிள்ளையை உள்ளே விட்டதும் கதவைச் சாத்திவிடுவோம். அம்மாமார் வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் இருப்பார்கள். உள்ளே அழுகைச் சத்தம் கேட்டால் எழுந்து கதவுப் பக்கம் வருவார்கள், ‘உள்ள வந்தா பிள்ளை பழகாதும்மா’ என்று திருப்பி அனுப்புவோம். முக்கால் மணி நேரம் கழித்து டயரியில் ‘நல்ல ஒத்துழைப்பு’ என்று எழுதி, பிள்ளையின் முகத்தைக் கழுவி வெளியே விடுவோம். அந்த இரண்டு வார்த்தையை நானே எத்தனையோ டயரியில் எழுதியிருக்கிறேன். அதை நினைத்தால் இன்றும் எனக்கு மனசு சரியில்லாமல் போகிறது.

பிள்ளை வாரத்தில் என்னிடம் இருப்பது மூன்று மணி நேரம், மிச்சம் முழுக்க வீட்டில். வீட்டில் இருப்பவர்களுக்குக் கற்றுக் கொடுக்காமல் பிள்ளைக்கு மட்டும் கற்றுக் கொடுத்து என்ன பயன்? கருங்கல் பக்கத்திலிருந்து ஒரு பையன் வந்தான், தண்ணீர் வேண்டுமென்றால் தரையில் விழுந்து கத்துவான், கத்தினதும் அம்மா ஓடிப்போய்த் தண்ணீர் கொடுப்பார், அதனால் அவனுக்குக் கத்துவதுதான் தண்ணீருக்கு வழி. நாங்கள் ஒரு எவர்சில்வர் டம்ளரை அவன் கைக்கு எட்டும் இடத்தில் வைத்தோம். கத்துவதற்கு முன்னாலேயே நான் பின்னாலிருந்து அவன் கையைப் பிடித்து டம்ளரை அம்மாவிடம் நீட்ட வைப்பேன், நீட்டினதும் அம்மா ஒரு வாய்த் தண்ணீர் மட்டும் ஊற்றுவார், குடித்துவிட்டு மறுபடி நீட்டுவான். ஒரு செஷனில் இருபது தடவை. நாலாவது வாரம் என் கை தேவைப்படவில்லை. ஆறாவது வாரம் அம்மா போனில் அழுதார்: அடுக்களையில் மீன் வெட்டிக்கொண்டிருந்தபோது பின்னால் வந்து டம்ளரை நீட்டிக்கொண்டு சத்தமில்லாமல் நின்றானாம். அந்த அம்மா கதவுக்கு வெளியே இருந்திருந்தால் அடுக்களையில் இது நடந்திருக்காது.

என் தவறு ஒன்றையும் சொல்ல வேண்டும். குளச்சல் பக்கத்து ஒரு பையன் திடீரென்று தன் கன்னத்தில் தானே அடிக்கத் தொடங்கினான். பிள்ளைகள் இப்படிச் செய்வதற்குப் பெரும்பாலும் ஒரு காரணம் இருக்கும்: யாராவது கவனிக்க வேண்டும், பிடிக்காத வேலையிலிருந்து தப்ப வேண்டும், ஒரு பொருள் வேண்டும், இல்லை அப்படிச் செய்யும்போது உடம்பில் வரும் உணர்வே வேண்டும். நான் நோட்டைப் போட்டு, அடிப்பதற்கு முன்னால் என்ன நடந்தது, பின்னால் என்ன நடந்தது என்று மூன்று வாரம் எழுதி, வேலையிலிருந்து தப்பத்தான் அடிக்கிறான் என்று முடிவு கட்டி, அதற்கு ஒரு திட்டமும் போட்டுவிட்டேன். ஒருநாள் அவன் அம்மா சாதாரணமாக, “டீச்சர், இவன் இப்பம் ஒரு பக்கமாத்தான் சவைக்கான்” என்றார். பல் டாக்டரிடம் அனுப்பினேன். கடைவாய்ப் பல் சொத்தை, உள்ளே சீழ். பேசத் தெரியாத பிள்ளை வலியைக் காட்டியிருக்கிறான், நான் அதை ‘பிஹேவியர்’ என்று எழுதி வைத்திருக்கிறேன். அன்றிலிருந்து புதிதாக ஒரு பழக்கம் வந்தால் பல், காது, வயிறு, தூக்கம் எல்லாவற்றையும் டாக்டர் பார்த்த பிறகுதான் நோட்டைத் திறக்கிறேன்.

சட்டத்தைப் பற்றிக் கொஞ்சம். 1992-ஆம் வருட இந்திய மறுவாழ்வு கவுன்சில் சட்டப்படி, பதிவு இல்லாமல் மறுவாழ்வு நிபுணராக (சிறப்புக் கல்வியாளர், ஸ்பீச் தெரபிஸ்ட் போன்றவர்கள்) தொழில் செய்தால் ஓராண்டு வரை சிறை அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பதிவு பெற்றவருக்கு ஒரு எண் உண்டு, கவுன்சிலின் இணையதளத்தில் அதை யாரும் சரிபார்க்கலாம். என் எண்ணை போர்டிலேயே எழுதியிருக்கிறேன். நான் பதிவு செய்திருப்பது சிறப்புக் கல்வியாளராக. அதனால் பிள்ளைக்கு ஆட்டிசம் இருக்கிறதா இல்லையா என்று நான் சொல்வதில்லை, ஐ.க்யூ. டெஸ்ட் எடுப்பதில்லை, மருந்தைக் கூட்டு குறை என்று வாய் திறப்பதில்லை. இன்னொன்று, ஆன்லைனில் 40 மணி நேர வகுப்பு முடித்துவிட்டு ‘இன்டர்நேஷனல் சர்ட்டிபைடு’ என்று போர்டு வைக்கிறார்கள். அந்த வகுப்பு அமெரிக்காவிலேயே ஒருவரின் மேற்பார்வையில் வேலை செய்யும் உதவியாளருக்கானது, தனியாகக் கிளினிக் நடத்துவதற்கு இல்லை. அங்குள்ள சான்றிதழ் வாரியமும் 2023 முதல் நம் நாட்டிலிருந்து புதிய விண்ணப்பம் வாங்குவதில்லை.

பணம். ஆறு மாதப் பணத்தை மொத்தமாக முன்கூட்டி வாங்கக் கூடாது. வாங்கிவிட்டால், இந்தப் பிள்ளைக்கு என்னால் பயனில்லை, ஸ்பீச் தெரபிதான் முதலில் வேண்டும் என்று தெரிந்தாலும் சொல்ல வாய் வராது. நான் ஒவ்வொரு செஷனுக்கும் தனியாக வாங்கி, பதிவு எண்ணோடு பில் கொடுக்கிறேன். பில் இல்லாததால் மத்திய அரசின் நிராமயா மருத்துவக் காப்பீட்டில் பணம் கேட்க முடியாமல் போனவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகை ஊனம் உள்ளவர்களுக்கு வருடத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை கிடைக்கும் திட்டம் அது, தெரபி செலவும் அதில் சேரும். அப்புறம், பிள்ளையை அனுப்பும் டாக்டருக்கு கமிஷன் என்ற பேச்சே கூடாது. தொடங்கின முதல் மாதமே ஒருவர் வந்து சதவீதம் பேசினார். முடியாது என்றேன், அவர் அனுப்புவதாகச் சொன்ன பிள்ளைகள் வரவில்லை, அந்த வருடம் வாடகைக்கே திண்டாடினேன். ஆனாலும் அதில் எனக்கு வருத்தம் இல்லை.

நம் ஊர் சின்ன ஊர். திங்கள்சந்தையில் காய் வாங்கும்போது தெரிந்தவர் ஒருவர், “உங்கட்ட வருகானே, அந்தப் பையனுக்கு என்ன சூக்கேடாக்கும்?” என்று அக்கறையாகத்தான் கேட்பார். நான் அந்தப் பையன் என்னிடம் வருகிறான் என்றுகூட ஒப்புக்கொள்வதில்லை. கோபித்துக்கொள்கிறார்கள், சரி. துபாயில் இருக்கும் அப்பா வீடியோ கேட்டால் அம்மாவின் போனில் அம்மாவே எடுத்து அனுப்பட்டும். என் போனில் எந்தப் பிள்ளையின் படமும் கிடையாது, வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் பிள்ளைகளைக் காட்டி விளம்பரம் செய்வதும் கிடையாது. பெரியவனானதும் அந்த வீடியோவை அவனே பார்க்க நேர்ந்தால் என்ன நினைப்பான் என்று யாரும் யோசிப்பதில்லை.

உங்களிடம் கேட்பது இரண்டு. ஏஜென்டுகள் செருகும் இந்த ‘முழு குணம்’ நோட்டீஸ்களை உங்கள் பேப்பரோடு போகவிடாதீர்கள். ஆட்டிசம் காய்ச்சலைப் போல வந்து போகும் நோய் இல்லை, பயிற்சியால் பிள்ளைகள் எவ்வளவோ முன்னேறுவார்கள், ஆனால் எத்தனை மாதத்தில் என்று கேரண்டி கொடுக்க யாராலும் முடியாது. இரண்டாவது, மாவட்டத்தில் பதிவு பெற்ற தெரபிஸ்டுகள், சிறப்புக் கல்வியாளர்களின் பெயரையும் பதிவு எண்ணையும் கலெக்டர் அலுவலகத்தில் உள்ள மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்திலும் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் எல்லோரும் பார்க்கும் இடத்தில் ஒட்ட வேண்டும் என்று உங்கள் பேப்பர் வழியாக மாவட்ட நிர்வாகத்தைக் கேட்டுக்கொள்கிறேன். அந்தப் பட்டியலில் முதல் ஆளாக என் எண்ணைக் கொடுக்கத் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு பிஹேவியர் தெரபிஸ்ட்,
தக்கலை.