யூன் 24ஐப் பற்றி மச்சானுக்கு

கொக்குவில்,
யாழ்ப்பாணம்.

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் போன கிழமை கிடைத்தது. இங்கே எல்லோரும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் நோ மட்டும் குறையவில்லை. ஆனாலும் விடிய எழும்பி முற்றம் கூட்டாமல் இருக்கமாட்டார். சோளகக் காற்று எழும்பிவிட்டது. கிணற்றடிக் கறுத்தக்கொழும்பான் மாமரம் இந்த முறை கொப்பு முறியக் காய்த்திருக்கிறது. ஒவ்வொரு பழம் வெட்டும்போதும் அம்மா உன் பெயரைச் சொல்கிறார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் வாசிகசாலைப் பெடியள் யூன் 24ஆம் திகதி பின்னேரம் ஒரு பாட்டுக் கூட்டம் வைக்கப் போகிறார்கள். கண்ணதாசன் பிறந்தது 1927 யூன் 24, எம்.எஸ்.விஸ்வநாதன் பிறந்தது 1928 யூன் 24. சரியாக ஒரு வருட வித்தியாசம். ஒருவர் காரைக்குடிப் பக்கத்துச் சிறுகூடல்பட்டிக்காரர். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். மற்றவர் பாலக்காட்டு எலப்புள்ளியில் பிறந்து, சின்ன வயதிலேயே தகப்பனை இழந்து, சினிமாக் கொம்பனியில் எடுபிடி வேலை செய்து மேலே வந்தவர். இந்த இருவரைப் பற்றியும் அரை மணித்தியாலம் கதைக்கச் சொல்லி என்னைக் கேட்டிருக்கிறார்கள். நானும் ஓமென்று சொல்லிவிட்டேன். இப்போது இரவிரவாக அதே யோசனைதான்.

அந்த நாளில் உலகத்தில் வேறு என்னென்ன நடந்தது என்று தேடிப் பார்த்தேன். ஜெஃப் பெக் என்ற கிட்டார்க்காரர் பிறந்தது 1944 யூன் 24. அவர் கிட்டாரை வெறும் விரலால் மீட்டியதைக் கேட்டால் ஒருவர் வாய் திறந்து பாடுவது போலவே இருக்கிறது, ஒருக்கால் கேட்டுப் பார். பீட்டில்ஸ் குழு 1966இல் அதே திகதியில் ஜெர்மனியின் மியூனிக் நகரில் மேடையேறியிருக்கிறது. இதெல்லாம் சரி. ஆனால் என்னைப் பிடித்து நிறுத்தியது 1935 யூன் 24.

ஆர்ஜன்டீனாவின் டாங்கோ பாடகர் கார்லோஸ் கார்டெல் அன்றைக்குத்தான் இறந்தார். கொலம்பியாவில் மெடயின் நகர விமான நிலையத்தில், அவர் ஏறியிருந்த விமானம் கிளம்புகிற நேரம் ஓடுபாதையிலேயே இன்னொரு விமானத்தோடு மோதித் தீப்பிடித்தது. அதே விமானத்தில் அல்ஃபிரெடோ லெ பெராவும் இருந்தார். யாரென்று தெரியுமா? கார்டெலுக்குப் பாட்டெழுதிக் கொடுத்தவர். 1930களில் கார்டெல் நடித்த படங்களுக்கு மெட்டு கார்டெலுடையது, வரி லெ பெராவுடையது. இரண்டு பேரும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் போய்விட்டார்கள்.

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது மச்சான். எங்கள் பக்கத்தில் வரி எழுதியவரும் மெட்டுப் போட்டவரும் பிறந்த திகதியும், அந்தப் பக்கத்தில் வரி எழுதியவரும் மெட்டுப் போட்டவரும் இறந்த திகதியும் ஒன்று. இது வெறும் தற்செயல்தான். இதில் விதியைத் தேட நான் போகவில்லை. ஆனால் இதை வாசித்த பிறகு கண்ணதாசனையும் விஸ்வநாதனையும் வேறு மாதிரி நினைக்கத் தொடங்கிவிட்டேன்.

கார்டெல் இல்லாமல் லெ பெராவோ லெ பெரா இல்லாமல் கார்டெலோ ஒரு நாள்கூட இருக்க வேண்டி வரவில்லை. இங்கே அப்படி இல்லை. கண்ணதாசன் 1981 ஒக்டோபர் 17ஆம் திகதி சிக்காகோவில் கண்ணை மூடினார். விஸ்வநாதன் 2015 யூலை 14 வரை இருந்தார். இடையில் எத்தனை யூன் 24 வந்தது என்று எண்ணிப் பார்த்தேன். 34. ஒவ்வொரு முறையும் வீட்டுக்கு ஆட்கள் வந்து மாலை போட்டு வாழ்த்தியிருப்பார்கள். அதே நாள் போனவரின் பிறந்தநாளும்தானே. வாழ்த்து வாங்குகிற நேரம் அந்த மனுசனுக்கு மனசில் என்ன ஓடியிருக்கும்? இந்த இடத்தில்தான் என் பேச்சு ஒவ்வொரு இரவும் நின்றுபோகிறது.

அவர்கள் வேலை செய்த விதத்தையும் பெடியளுக்குச் சொல்ல வேண்டும். அநேகமாக மெட்டுத்தான் முதலில் வரும். விஸ்வநாதன் ஆர்மோனியத்தில் வாசித்துத் தத்தகாரத்தில் பாடிக் காட்டுவார். அந்தச் சந்தத்துக்குள் கண்ணதாசன் வரிகளை வாயால் சொல்லிக்கொண்டே போவார். பக்கத்தில் இருந்து எழுதியெடுப்பது பஞ்சு அருணாசலம். அளந்து வைத்த அச்சுக்குள் வார்த்தை வைப்பது லேசான காரியமா? ஆனால் கேட்கிற எங்களுக்கு மெட்டு முந்தியா வரி முந்தியா என்று ஒருநாளும் தோன்றியதில்லை. விஸ்வநாதனோடு சேர்ந்து இசையமைத்த ரி.கே.இராமமூர்த்தியையும் மறக்கக் கூடாது. 1952இல் இசையமைப்பாளர் சி.ஆர்.சுப்பராமன் திடீரென்று இறந்தபோது, அவர் பாதியில் விட்ட வேலையைச் சேர்ந்து முடித்துக் கொடுத்தவர்கள் விஸ்வநாதனும் இராமமூர்த்தியும். அதன்பிறகு 1965 வரைக்கும் அநேகமாக எல்லாப் படத்திலும் இரண்டு பேர் பெயரும் சேர்ந்தே வந்தது.

‘வீடு வரை உறவு’ அந்தக் காலத்துப் பாட்டு, 1962. அப்பா தவறிய பிறகு அது வானொலியில் போனால் அம்மா எழும்பிக் குசினிக்குள் போய்விடுவார். நிற்பாட்டவும் விடமாட்டார், பக்கத்தில் இருந்து கேட்கவும் மாட்டார்.

கண்ணதாசனின் கடைசிச் சினிமாப் பாட்டு ‘கண்ணே கலைமானே’. அதற்கு இசை இளையராஜா. படம் பாலு மகேந்திராவுடையது. அவர் மட்டக்களப்பு அமிர்தகழிக்காரர். 1982இல் படம் வெளிவந்தபோது எழுதியவர் இல்லை. அந்த மனுசன் கடைசியாக வரி கொடுத்தது எங்கள் நாட்டில் பிறந்த ஒருவருடைய படத்துக்கு என்பதைப் பெடியளுக்குச் சொல்லாமல் விடமாட்டேன். இங்கே பலருக்கு அது தெரியாது.

இப்போது உன்னிடம் கேட்க வேண்டியதைக் கேட்கிறேன்.

நாங்கள் றேடியோப் பாட்டுகளை எழுதி வைத்த அந்தப் பெரிய சீ.ஆர். கொப்பி உன்னிடம் இருக்கிறதா?

சண்டை தொடங்கி 1990 யூனோடு கரண்ட் போனது. பற்றரிக்குத் தடை. ஜாம் போத்தல் விளக்கில் படித்த காலம். உங்கள் வீட்டுப் பின் விறாந்தையில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவிலிருந்து இரண்டு வயரை இழுத்து றேடியோவில் கொழுவி, ஒருவர் பெடலைக் கையால் சுற்ற மற்றவர் காதை வைத்துப் பாட்டை எழுதுவோம். இடையிசை வந்ததும் ஆள் மாறுவோம். அதனால் பல்லவி உன் கையெழுத்தில் இருந்தால் சரணம் என் கையெழுத்தில் இருக்கும். கை உளைந்து சுற்றுவது குறைந்தால் சத்தமும் அப்படியே தேய்ந்துவிடும். அந்த இடத்தில் என்ன வரி போனது என்று தெரியாமல் புள்ளி புள்ளியாகக் கோடு போட்டு விடுவோம், அடுத்த முறை போகும்போது நிரப்பலாம் என்று. சில பாட்டு அடுத்த முறை வரவே இல்லை.

சின்ன வயதில் இலங்கை வானொலியில் பாட்டுக்கு முன்னால் பாடியவர், எழுதியவர், இசையமைத்தவர் என்று சொல்லக் கேட்டு வளர்ந்ததால், நாமும் ஒவ்வொரு பாட்டுக்கும் மேலே மூன்று பெயரும் எழுதுவோம். அந்தக் கொப்பியில் எத்தனை பக்கத்தில் ‘கண்ணதாசன் – விஸ்வநாதன்’ என்று இருக்கும்! பேச்சு, வகுப்பு எல்லாவற்றையும்விட நான் அந்த இரண்டு பெயரையும் படித்தது அதில்தான்.

1995 ஒக்டோபர் 30 இரவு, சண்டை நெருங்கி எங்கள் வலிகாமப் பகுதிச் சனமே எழும்பி நடந்தபோது றேடியோவை விட்டுவிட்டு வந்தோம். நாவற்குழிப் பாலத்துக்கு முன்னால், அசைய இடமில்லாத அந்தச் சனத்துக்குள், மழை தூறத் தொடங்கியது. நீ கொப்பியைப் பொலித்தீன் பையில் சுற்றிச் சேட்டுக்குள் வைத்ததைக் கண்டேன். அதன்பிறகு கொழும்பு, கனடா என்று நீ போய்விட்டாய். நான் அதைப் பற்றிக் கேட்கவே இல்லை. கேட்டு, இல்லை என்று நீ சொல்லிவிட்டால் என்ன செய்வது என்ற பயம்தான்.

இப்போது கேட்கிறேன். இருந்தால் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பு. ஒளியாக இருக்கிற யன்னலுக்குப் பக்கத்தில் வைத்து எடு, பென்சில் எழுத்து மங்கியிருக்கும். வாசிகசாலைச் சுவரில் பெரிதாகக் காட்டலாம் என்று பெடியள் சொல்கிறார்கள். இன்றைக்கு எந்தப் பாட்டின் வரியையும் போனில் ஒரு நிமிசத்தில் எடுக்கலாம். ஆனாலும் அவர்களுக்கு அந்தப் பக்கங்களைக் காட்ட வேண்டும் என்று எனக்கு ஆசை. ஒரு பாட்டுக்கு இரண்டு பேர் வேண்டும் என்பதை நான் எப்படி அறிந்தேன் என்று அதைக் காட்டித்தான் சொல்லலாம்.

ஒன்று மட்டும். புள்ளிக்கோடு போட்ட இடங்களை நீ பிறகு நிரப்பாமல் விட்டிருந்தால், இப்போதும் நிரப்ப வேண்டாம். அப்படியே எடுத்து அனுப்பு.

நல்லூர்க் கொடியேற்றத்துக்கு வருவாய் என்று போன வருடம் சொன்னாய். இந்த வருடமாவது பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வா. மாம்பழம் அதுவரை நிற்காது. அம்மா வற்றல் போட்டு வைப்பதாகச் சொல்கிறார்.

அன்புடன்,
உன் மச்சான்