ஒரு மணி நேரத்துக்கு நூறு நிமிடம் கிடையாது: அறுவடை வண்டிச் செயலியை நடத்துகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மரியாதைக்குரிய அலுவலகத்தாருக்கும், நிரல் எழுதித் தந்த குழுவினருக்கும்,

வணக்கம். தரகர் இல்லாமல் அறுவடை வண்டியை மணி வாடகைக்கு எடுக்க உதவும் இந்தச் செயலி வந்த கதை, யார் கேட்டு வந்தது, தரகர் தொல்லை ஒழிந்தது என்று நாங்கள் எவ்வளவு சந்தோஷப்பட்டோம் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும், அதற்குள் போகவில்லை. வண்டி ஓடிய நேரத்தைச் செயலி தப்பாகக் கணக்கிட்டு வாடகைச் சீட்டு அடிக்கிறது என்று நாங்கள் புகார் கொடுத்ததும் தெரியும். "தங்கள் புகார் தீர்க்கப்பட்டது" என்று குறுஞ்செய்தி அனுப்பியதும் நீங்கள்தான். தீரவில்லையே என்று மறுபடி எழுதினால் "நேரத்தைச் சரியாகப் பதிவு செய்யவும்" என்று பதில் வருகிறது. அந்தப் பதில்தான் என்னை இப்படிப் பொதுவில் எழுத வைத்தது. ஓட்டுநர் நேரத்தைச் சரியாகத்தான் பதிவு செய்கிறார். கழிக்கத் தெரியாதது உங்கள் செயலிக்குத்தான்.

நான் மன்னார்குடிப் பக்கம் ஒரு கிராமத்தில் உட்கார்ந்துகொண்டு நிரல் எழுதிப் பிழைக்கிறவன், வீட்டில் கொஞ்சம் நிலமும் உண்டு. அதனால் வயலில் நிற்கிறவர் கஷ்டமும் புரிகிறது, நிரல் எழுதுகிறவர் எங்கே சறுக்குவார் என்பதும் ஓரளவு தெரியும்.

நடந்தது இதுதான். சம்பா அறுவடை. எங்கள் தெருவில் ஒரு சித்தி (சொந்தச் சித்தி இல்லை, ஊருக்கே சித்தி), அவர் வயலுக்கு வரப்பை ஒட்டி ஒரு பெரியவர் வயல், ஆளுக்கு நாலு மா நிலம். ஒரே ரகம், ஒரே வண்டி, ஒரே ஓட்டுநர். பனி காய்ந்து பெரியவர் வயலில் 9.10க்கு இறங்கிய செயின் வண்டி (சங்கிலிச் சக்கரம் வைத்த அறுவடை இயந்திரம்) 10.30க்கு முடித்தது. நெல்லை டிராக்டரில் கொட்டிவிட்டு, டீசலும் ஊற்றிக்கொண்டு, சித்தி வயலில் 10.50க்கு இறங்கி 12.10க்கு முடித்தது. இரண்டும் 80 நிமிடம். வாடகை மணிக்கு 2,400 ரூபாய், அதாவது நிமிடத்துக்கு 40, ஆக 80 நிமிடத்துக்கு 3,200. வாய்க்கணக்கிலேயே வந்துவிடும். ஆனால் உங்கள் செயலியோடு கொடுத்திருக்கிற அந்தக் கைப்பிரிண்டர், பெரியவருக்கு 2,880 ரூபாய் என்று சீட்டு அடித்தது. சித்திக்கு 3,840.

"ஏன் தம்பி, அவருக்கும் நாலு மா, எனக்கும் நாலு மா, எனக்கு மட்டும் எப்படி ஆயிரம் ரூவா கிட்ட கூட வரும்?" என்று சித்தி சீட்டை என்னிடம் நீட்டினார். ஓட்டுநர் வெளி மாவட்டத்துப் பையன், "போன்ல வர்றதத்தாம்மா கேக்குறேன், நான் என்ன பண்ணுவேன்" என்கிறான். அவனைச் சொல்லியும் குற்றமில்லை. சீட்டைப் பார்த்தேன். ஓடிய நேரம் என்று போட்டு, எதிரே 1.60 என்று இருந்தது.

சித்தி ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். எனக்கு முன்னால் அவரே கேட்டுவிட்டார். "அறுவது நிமிசம்னா அது இன்னொரு மணி நேரமாச்சே, அப்பறம் ஏன் அத அறுவதுன்னே போட்டு வச்சிருக்கு?" செயலியை வெளியிடுவதற்கு முன்னால் உங்கள் அலுவலகத்தில் யாராவது ஒருவர் இந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால் இந்த மடலே தேவைப்பட்டிருக்காது.

அந்த 1.60 எங்கிருந்து வந்தது என்பதை நிரல் எழுதுகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, இருந்தாலும் புகாரைத் "தீர்த்து" மூடியவருக்காகச் சொல்கிறேன். செயலி 12.10 என்பதை மணி நேரமாகப் பார்க்கவில்லை, பன்னிரண்டு புள்ளி ஒன்று பூஜ்ஜியம் என்ற தசம எண்ணாகப் பார்த்திருக்கிறது. அதிலிருந்து 10.50ஐக் கழித்திருக்கிறது. கடன் வாங்கும்போது 60 வாங்க வேண்டிய இடத்தில் 100 வாங்கிவிட்டது, 1.60 வந்துவிட்டது, அதை அப்படியே 2,400ஆல் பெருக்கிவிட்டது. பெரியவர் கணக்கில் கடன் வாங்க வேண்டியே வரவில்லை, 10.30இல் 9.10 போக 1.20. ஒரு மணி 20 நிமிடம் என்று படித்தால் சரிதான், ஆனால் பெருக்கும்போது அது ஒன்றேகாலுக்கும் கீழே போய்விடுகிறது. ஆக ஒரே நேரம் ஓடிய வண்டிக்கு, எப்போது இறங்கியது என்பதைப் பொறுத்து ஒருவருக்குக் கூடுகிறது, ஒருவருக்குக் குறைகிறது. சித்திக்கு 640 ரூபாய் நஷ்டம். பெரியவர் கணக்கில் வண்டிக்காரருக்கு 320 ரூபாய் நஷ்டம். யாருக்கும் நியாயம் இல்லை என்பதில் மட்டும் செயலி பாரபட்சம் காட்டவில்லை.

சித்தி பணத்தைக் கொடுத்துவிட்டார். கொடுக்காவிட்டால் வண்டி அடுத்த வயலுக்கு நகராது, அடுத்த வயல்காரர் சாக்கோடு காத்துக்கொண்டு நிற்கிறார், அதற்கு மேல் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்ற கவலை வேறு. வரப்பில் நின்று தசமக் கணக்கு பேச அங்கே யாருக்கு நேரம்?

அதனால் என் வேண்டுகோள் ஒன்றே ஒன்று. ஓடிய நேரத்தை நொடிகளாக, முழு எண்ணாக வையுங்கள். தொடங்கிய தருணம் ஒன்று, முடிந்த தருணம் ஒன்று, இரண்டையும் தேதியோடும் நேர மண்டலத்தோடும் சேமியுங்கள், வித்தியாசத்தை நொடியில் எடுங்கள், வாடகையை அந்த நொடியிலிருந்து கணக்கிடுங்கள். மணி, நிமிடம் என்று பிரிப்பது சீட்டில் அச்சடிக்கும் கடைசி நேரத்தில் மட்டும். அந்த இடத்திலும் தயவு செய்து புள்ளி வைக்காதீர்கள், "1 மணி 20 நிமிடம்" என்று எழுத்தில் போடுங்கள். எங்கள் தாத்தா காலத்தில் நாளுக்கு 60 நாழிகை, நாழிகைக்கு 60 விநாழிகை என்று முழு எண்ணில்தான் கணக்கு வைத்திருந்தார்கள். அவர்களிடம் கம்ப்யூட்டர் இல்லை, பாவம்.

புள்ளி என்றதும் இன்னொன்று. எத்தனை மணி நேரம் ஓடியது என்று காட்ட வண்டியிலேயே ஒரு மணி மீட்டர் இருக்கிறது. அதன் கடைசி இலக்கம் பத்தில் ஒரு பங்கு மணி, அதாவது 6 நிமிடம். உங்கள் செயலியில் "மீட்டர் அளவு" என்று ஒரு பெட்டி வைத்து அதையும் நிரப்பச் சொல்கிறீர்கள். பையன் மீட்டரில் 1432.7 என்று பார்த்து அதையே அடிக்கிறான். அங்கே .7 என்றால் 42 நிமிடம். உங்கள் செயலி அதை 7 நிமிடம் என்று எடுத்துக்கொள்கிறது. ஒரே திரையில் ஒரு புள்ளிக்கு இரண்டு அர்த்தம். வண்டி முதலாளி ராத்திரி மீட்டரை வைத்துச் சரிபார்க்கும்போது கணக்கு உதைக்கிறது, திட்டு வாங்குவது பையன்.

அப்புறம் அந்த மழை ராத்திரி. மழை வரப்போகிறது என்று தெரிந்தால் ராத்திரியிலும் விளக்கைப் போட்டு அறுப்பார்கள் என்பது டெல்டாவில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். 23.40க்கு இறங்கி 1.10க்கு முடித்த வண்டிக்கு உங்கள் செயலி கழித்தல் 22.30 மணி நேரம் போட்டு, கழித்தல் 53,520 ரூபாய் என்று சீட்டு கொடுத்தது. அதாவது வயலையும் அறுத்துக் கொடுத்துவிட்டு ஐம்பதாயிரத்துக்கு மேல் பணத்தையும் வண்டிக்காரரே விவசாயி கையில் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். விவசாயியின் வருமானத்தைப் பெருக்கும் திட்டங்களில் இதுவரை நான் பார்த்ததிலேயே சிறந்தது இதுதான், மறுக்கவில்லை. ஆனால் வண்டிக்காரர் தரமாட்டார் என்று நினைக்கிறேன். தேதியையும் சேர்த்துச் சேமித்திருந்தால் அது வெறும் 90 நிமிடம், 3,600 ரூபாய்.

சரி, நொடியில் வைப்பது என்றாலும் எந்தக் கடிகாரத்தின் நொடி என்று ஒரு கேள்வி இருக்கிறது. போன் திரையில் காட்டும் கடிகாரத்தை நம்ப முடியாது, அதை யார் வேண்டுமானாலும் மாற்றலாம், டவர் கிடைத்ததும் அதுவே தன்னைத் திருத்திக்கொள்ளும். ஆண்ட்ராய்டில் எலாப்ஸ்ட் ரியல்டைம் என்று ஒன்று இருக்கிறது, போனைப் போட்டதிலிருந்து எவ்வளவு நேரம் ஆனது என்று எண்ணிக்கொண்டே இருக்கும். போன் தூங்கினாலும் அது ஓடும், கடிகாரத்தை மாற்றினாலும் அசையாது, போனை அணைத்துப் போட்டால் மட்டும் பூஜ்ஜியத்திலிருந்து மறுபடி தொடங்கும். பக்கத்திலேயே அப்டைம் மில்லிஸ் என்று இன்னொன்று இருக்கிறது, போன் ஆழ்ந்து தூங்கினால் அதுவும் நின்றுவிடும், மறந்தும் அதைத் தொட வேண்டாம். தொடங்கிய, முடிந்த தருணங்களை எழுதி வைத்துக்கொண்டு, எலாப்ஸ்ட் ரியல்டைம் கணக்கையும் கூடவே வைத்தால் ஒன்றை வைத்து இன்னொன்றைச் சரிபார்க்கலாம். சர்வர் எப்படி வைத்திருக்கிறது என்றும் ஒரு தடவை பாருங்கள். தொடக்கம் போனிலிருந்து இந்திய நேரத்திலும், முடிவு சர்வரிலிருந்து உலகப் பொது நேரத்திலும் வந்தால் நடுவில் ஐந்தரை மணி நேரம் காணாமல் போகும்.

மாதக் கடைசியில் நீங்கள் வெளியிட்ட அறிக்கையையும் பார்த்தேன். தை மாதம் முழுக்க ஒரு வண்டி ஓடியது 7 மணி 20 நிமிடமாம்! தை மாதம் டெல்டாவில் வண்டி கிடைக்காமல் ஆட்கள் அலைகிறார்கள். எக்செலில் சாதாரண மணி வடிவத்தில் கூட்டினால் 24 மணியைத் தாண்டியதும் மறுபடி பூஜ்ஜியத்திலிருந்துதான் காட்டும், வடிவத்தில் மணியைக் குறிக்கும் h எழுத்தைச் சதுர அடைப்புக்குள் போட்டால்தான் மொத்தம் தெரியும். பைத்தானில் எழுதியிருந்தாலும் இதே பள்ளம் இருக்கிறது. அதில் நேர வித்தியாசத்தை வைத்திருக்கும் டைம்டெல்டாவிடம் செகண்ட்ஸ் என்று கேட்டால் நாட்கள் போக மிச்சமுள்ள நொடிகள்தான் வரும், டோட்டல் செகண்ட்ஸ் என்று கேட்டால்தான் முழுசும் வரும். அந்த அறிக்கையை வைத்துத்தான் அடுத்த பருவத்துக்கு எத்தனை வண்டி வேண்டும் என்று முடிவெடுக்கப் போகிறீர்கள் என்பதை நினைத்தால் வயிற்றைக் கலக்குகிறது.

இதெல்லாம் சின்ன விஷயம் என்று தோன்றலாம். 1991 பிப்ரவரியில் சவூதியின் தஹ்ரானில் அமெரிக்காவின் பேட்ரியாட் எதிர்ப்பு ஏவுகணைத் தளம் ஒன்று, ஈராக் ஏவிய ஸ்கட் ஏவுகணையைத் தவறவிட்டு 28 அமெரிக்க வீரர்கள் இறந்தார்கள். காரணம், நேரத்தைப் பத்தில் ஒரு நொடியாக எண்ணி, அதை நொடியாக மாற்றப் பைனரியில் (0, 1 மட்டும் வைத்து எழுதும் கம்ப்யூட்டர் முறையில்) முழுசாக எழுத முடியாத பின்னத்தால் பெருக்கியது. 100 மணி நேரம் தொடர்ந்து ஓடியதில் சுமார் மூன்றில் ஒரு நொடி பிசகியது, அவ்வளவுதான். உங்கள் செயலி யாரையும் கொல்லவில்லை, சரி. ஆனால் அங்கே 100 மணி நேரத்தில் வந்த பிழை ஒரு நொடிக்கும் குறைவு, உங்களுக்கு 80 நிமிடத்திலேயே 16 நிமிடம் கூடிவிட்டது.

ஒரு விஷயத்தில் மட்டும் உங்களைக் குறை சொல்ல முடியாது, ஊரே இப்படித்தான் இருக்கிறது. நகைக்கடனுக்கு "ஒரு மாதம்" என்பார்கள், ஜனவரி 31இல் வைத்தால் ஒரு மாதம் என்றைக்கு முடிகிறது என்று கேட்டால் கவுன்ட்டரில் இருப்பவர் கம்ப்யூட்டரைக் கேட்கிறார். ஜாவாவின் புதிய நேர நூலகத்தைக் கேட்டால் பிப்ரவரி கடைசி நாள் என்று சொல்லும், ஜாவாஸ்கிரிப்டில் மாதத்தை மட்டும் ஒன்று கூட்டினால் மார்ச்சுக்குத் தாவிவிடும். மாதம் என்பது நீளம் மாறுகிற அளவு, மணி நேரம் அப்படி இல்லை. அதனால்தான் 2014இல் வந்த ஜாவா 8இல் மணி, நிமிடம், நொடிக்கு டியூரேஷன் என்றும், நாள், மாதம், ஆண்டுக்குப் பீரியட் என்றும் இரண்டாகவே பிரித்துவிட்டார்கள். தேதியையும் நேரத்தையும் எழுதுவதற்கான ஐ.எஸ்.ஓ 8601 என்ற உலகத் தரத்தில்கூட பி1எம் (P1M) என்றால் ஒரு மாதம், பிடி1எம் (PT1M) என்றால் ஒரு நிமிடம். இந்த வேலையையெல்லாம் மற்றவர்கள் எப்போதோ செய்து, காசு வாங்காமல் எடுத்துக்கொள்ளக் கொடுத்திருக்கிறார்கள். அதை எடுத்துப் பயன்படுத்தாமல் நீங்களே ஒரு புள்ளியை நட்டு வைத்து அதைச் சுற்றிச் செயலி கட்டியிருக்கிறீர்கள். டெண்டரில் செயலியின் முகப்புக்கு என்ன நிறம் வேண்டும் என்று ஒரு பக்கம் எழுதியிருந்ததாகச் சொன்னார்கள், கழித்தலைப் பற்றி ஒரு வரி இருந்ததா என்று கேட்டுச் சொல்லுங்கள். சீட்டில் அச்சான படம் எவ்வளவு தெளிவாக வந்திருக்கிறது! நேரம்தான் தப்பு.

கோபத்தில் கொஞ்சம் கூடப் பேசிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். தரகரிடம் திரும்பிப் போக எங்களுக்கு விருப்பம் இல்லை. ஆனால் இப்போதே சிலர் போய்விட்டார்கள், ஏனென்றால் தரகர் நோட்டில் 1.60 என்று ஒரு நேரம் வருவதில்லை. குறுவை அறுவடைக்கு முன்னால் இதைச் சரிசெய்து தருமாறு பணிவோடு கேட்கிறேன். மறுபடியும் அதையேதான் கேட்கிறேன்: ஓடிய நேரத்தை நொடிகளாக, முழு எண்ணாக வையுங்கள். புதுப் பதிப்பை வெளியிடும் முன் 9.10இலிருந்து 10.30, 10.50இலிருந்து 12.10, 23.40இலிருந்து மறுநாள் 1.10 என்ற மூன்றையும் ஓட்டிப் பாருங்கள். 3,200, 3,200, 3,600 வர வேண்டும். வேண்டுமானால் நானே வந்து உட்கார்ந்து பார்த்துத் தருகிறேன், கூலி வேண்டாம்.

போன சம்பாவின் சீட்டுகளையும் மறுபடி கணக்கிட வேண்டும். தொடங்கிய நேரமும் முடிந்த நேரமும் உங்கள் சர்வரில் இருக்கின்றன, புதிதாக யாரிடமும் எதுவும் கேட்க வேண்டியதில்லை. சித்திக்கு 640 ரூபாய் திரும்ப வர வேண்டும். பெரியவர் தர வேண்டிய 320 ரூபாயையும் சேர்த்தே கேளுங்கள். திருத்திய சீட்டு வந்தால் தந்துவிடுகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.

இப்படிக்கு,
மன்னார்குடிப் பக்கத்திலிருந்து உங்கள் செயலியைப் பயன்படுத்துகிற ஒருவன்