மண்டபத்து எடை மெஷின் பற்றிக் கோயில் நிர்வாகத்துக்கு

கோயில் தலைவர் ஐயாவுக்கும் மாதர் பிரிவு அக்காமார்களுக்கும் வணக்கம்.

வெள்ளிக்கிழமை அன்னதானத்துக்குக் காய் நறுக்க வரும் கூட்டத்தில் நானும் ஒருத்தி. மண்டப வாசலில் நீங்கள் ஒட்டிய தாளை அங்கேதான் படித்தேன். 30 நாள் சோற்றைத் தொடக்கூடாது, கடைசி நாள் எடை மெஷின், அதிகக் கிலோ இறக்கியவருக்கு 500 ரிங்கிட். பெயர் கொடுத்தவர்கள் 60 பேரைத் தாண்டிவிட்டார்களாம். நல்ல மனசோடுதான் செய்கிறீர்கள், தெரியும். ஆனாலும் இந்தப் போட்டியை நிறுத்துங்கள் என்று கேட்கத்தான் எழுதுகிறேன்.

போன வருஷம் நானும் இதே கூத்தை ஆடியவள். ஒரு ஏஜெண்ட் விற்ற பவுடர் காலையும் இரவும், மதியம் முட்டையும் கோழியும். முதல் வாரத்திலேயே 3 கிலோ போனதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. அதில் பெரும்பகுதி தண்ணீர் என்று பிறகுதான் கிளினிக் நர்ஸ் சொன்னார். உடம்பு சேர்த்து வைக்கும் மாவுச்சத்து, கிராமுக்கு 3 கிராம் போலத் தண்ணீரையும் பிடித்து வைத்திருக்கிறது. சோற்றை நிறுத்தினால் முதலில் வடிவது அதுதான். 40 நாளில் மொத்தம் 6 கிலோ. தீபாவளிக்கு முறுக்கு சுடும்போது ஒன்றை வாயில் போட்டேன், அப்புறம் கை நிற்கவில்லை. தை பிறப்பதற்குள் 7 கிலோ ஏறியிருந்தது.

என் கதையைச் சிரித்துவிட்டுப் போகலாம். என் தம்பிக்கு நடந்ததைக் கேளுங்கள். பாமாயில் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுகிறவன். சர்க்கரைக்கு கிளிக்லசைடு மாத்திரை போடுகிறான். என்னைப் பார்த்து அவனும் காலையில் பசியாறுவதை விட்டான், மாத்திரையை மட்டும் விடவில்லை. நாம் சாப்பிட்டோமா இல்லையா என்று அந்த மாத்திரை பார்ப்பதில்லை, அது பாட்டுக்கு இன்சுலினைச் சுரக்க வைக்கும். மில்லுக்குப் போகும் வழியில் சர்க்கரை ஒரேயடியாக இறங்கி, கை நடுங்கி, சட்டை தொப்பலாக நனைந்து, கண் இருட்டிக்கொண்டு வந்திருக்கிறது. எப்படியோ லாரியை ஓரங்கட்டிவிட்டான். பின்னால் மோட்டார் சைக்கிளில் வந்த மலாய்க்காரப் பையன் கையில் இருந்த ஒரு பாக்கெட் இனிப்புச் சிராப்தான் அன்றைக்கு அவனைக் காப்பாற்றியது.

2019-இல் எடுத்த தேசிய சுகாதார ஆய்வில், நம் மலேசியாவின் இந்தியப் பெரியவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குச் சர்க்கரை. உங்கள் 60 பேரில் எத்தனை பேர்? பெயர் எழுதும்போது மாத்திரை போடுகிறீர்களா, ஊசி போடுகிறீர்களா என்று யாராவது கேட்டீர்களா? தாளில் ‘கீட்டோ’ என்று பெரிதாக வேறு போட்டிருக்கிறது. அது மாவுச்சத்தை மிகவும் குறைத்துக் கொழுப்பை அதிகம் சாப்பிடும் முறை, 1920களில் வலிப்பு நோய்க்காக மருத்துவர்கள் வகுத்தது. அவர்கள் கூடவே இருந்து பார்த்துக்கொண்டு கொடுத்தது.

சோற்றின் மேல் எனக்குக் கோபம் இல்லை. எங்கள் அம்மா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். விடியுமுன் பெயர் கூப்பிடும் பெரட்டு, அப்புறம் 500 மரம் போல வெட்டி, பால் எடுத்து, தோளில் வைக்கும் காண்டாக் கம்பில் வாளிகளைத் தூக்கிக்கொண்டு ஸ்டோருக்கு நடை. மதியம் லயத்து வீட்டில் மலை மாதிரி சோறு சாப்பிடுவார், ஆள் ஒல்லிதான். நாம் தோட்டத்தை விட்டுத் தாமான் குடியிருப்புக்கு வந்துவிட்டோம். வேலை பேக்டரியில், போக வர மோட்டார் சைக்கிள். சோறு மட்டும் அதே மலை. கூடவே கெட்டிப்பால் போட்ட தே, நாளுக்கு நாலு கிளாஸ். அந்த டின்னில் கிட்டத்தட்டப் பாதி சர்க்கரை.

சரி, நம் அன்னதானக் கொட்டகைக்கே வருவோம். வெள்ளிக்கிழமை நாம் போடுவது என்ன? தட்டு நிறையச் சோறு, உருளைக்கிழங்கு பிரட்டல், அப்பளம், பாயசம், குடிக்க ரோஸ் சிராப். சுகாதார அமைச்சின் சுக்கு-சுக்கு செப்பாரோ (மலாயில் கால், கால், பாதி) தட்டுப் படம் கிளினிக் சுவரில் தொங்குகிறது. பாதித் தட்டு காயும் பழமும், கால் சோறு, கால் மீனோ பருப்போ சோயாவில் செய்த தெம்பேயோ. (அம்மாவிடம் சொன்னேன். “சுக்கு போட்டா வாயு போகும், சர்க்கரையுமா போகும்?” என்றார்.) அந்தக் கணக்கில் உருளைக்கிழங்கு காய் இல்லை, சோற்றோடு சேர்த்தி. நம் தட்டில் காயைத் தேடினால் சாம்பாரில் மிதக்கும் இரண்டு முருங்கைக்காய்த் துண்டுதான் கிடைக்கும். அதையும் நறுக்கியது நான்தான், அதனால் என்னையும் சேர்த்தே திட்டிக்கொள்கிறேன்.

உருளைக்கிழங்குக்குப் பதில் கங்கோங் கீரையோ பயற்றங்காயோ பெரிய கரண்டியால் போடுவோம். சோற்றுக் கரண்டியைச் சின்னதாக்குவோம், கேட்டவருக்கு இன்னொரு தடவை உண்டு. மேசையில் வெறும் தண்ணீர் இருக்கட்டும், சிராப் வேண்டியவர் கேட்டு வாங்கிக்கொள்ளட்டும். பாயசம் திருவிழா நாளில் வரட்டும், அன்றைக்கு யாரும் கணக்குப் பார்க்க வேண்டாம். அடுத்த தீபாவளியிலும் இப்படியே சாப்பிட முடியுமா என்பதுதான் இப்போது நான் கேட்டுக்கொள்ளும் ஒரே கேள்வி. பவுடரிடம் அதற்குப் பதில் இல்லை.

எடை மெஷினுக்குப் பதில், விருப்பமுள்ளவர்கள் அரசாங்க கிளினிக்கில் மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளலாம். பதிவுக்கு 1 ரிங்கிட்தான். கடைசி இரண்டு நாள் பட்டினி கிடந்து எடை மெஷினை ஏமாற்றலாம், அந்தப் பரிசோதனையை ஏமாற்ற முடியாது. பரிசுப் பணத்தை என்னிடம் கொடுத்தால் பல வெள்ளிக்கிழமைக்குக் காய் வாங்கிவிடுவேன், ரசீதோடு.

வியாழன் சாயந்தரம் பாசார் மாலாம் இரவுச் சந்தைக்குப் போகிறேன். கங்கோங் எத்தனை கட்டு என்று அதற்குள் சொல்லிவிடுங்கள். கழுவுவதற்கு இன்னும் இரண்டு பேர் வேண்டும்.

இப்படிக்கு,
கொட்டகையில் காய் நறுக்கும் ஒருத்தி